உப்புத் தண்ணீரில் காய்கறி வளர்ப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருவான்மியூரிலிருந்து நீலாங்கரை வரையுள்ள கடலோரப் பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீரைக் கொண்டு மாடித்தோட்டம் போடுவோர் பலருக்கும் ஒரே அனுபவம் வாய்க்கிறது. செடி முளைத்து நான்கைந்து இலை விட்டதும் இலையோரம் கருகத் தொடங்குகிறது. வாட்டம் என்று நினைத்துக் கூடுதலாகத் தண்ணீர் ஊற்றுகிறோம், சத்துக்குறைவு என்று நினைத்து உரம் இடுகிறோம். இரண்டும் பல நேரங்களில் நிலைமையை மோசமாக்குகின்றன. மண்ணீரில் உப்பு மிகும்போது வேர் நீரை உறிஞ்சுவது கடினமாகிவிடுவதால், ஈரம் இருந்தும் செடி தாகத்தால் வாடுகிறது. அந்த நிலையில் இடும் யூரியாவும் பொட்டாஷும் அதற்கு மேலும் உப்பாகவே அமைகின்றன.

முதல் தவறு, உவரையும் களரையும் ஒன்றாகக் கருதுவது. மண்ணிலுள்ள உப்பின் அளவை உணர்த்தும் மின்கடத்தும் திறன் மீட்டருக்கு 4 டெசிசைமனுக்கு (dS/m) மேல் இருந்தால் அது உவர் மண். காய்ந்ததும் மேலே வெண்ணிறமாக உப்புப் பூக்கும். கார அமில நிலை (pH) 8.5-ஐத் தாண்டி, மண் துகள்களில் ஒட்டியிருக்கும் அயனிகளில் சோடியம் 15 விழுக்காட்டுக்கு மேல் போனால் அது களர். நனைந்தால் சேறாகி, காய்ந்தால் கல்லாகி, நீரை உள்ளே விடாது. களருக்கு ஜிப்சம் மருந்து, ஏனெனில் அதிலுள்ள கால்சியம் சோடியத்தை வெளியேற்றுகிறது. வெறும் உவருக்கோ நல்ல நீரால் கழுவி வடிப்பதே வழி. அங்கே ஜிப்சம் இடுவது உப்போடு உப்பைச் சேர்ப்பதாகும். சாம்பலும் சுண்ணாம்பும் காரத்தன்மை கொண்டவை என்பதால் இவ்வகை மண்ணில் அவற்றைத் தொடாமல் இருப்பதே நல்லது.

சென்னைக்கே உரிய தவறு ஒன்று உண்டு. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் கடின நீரைச் சரிசெய்ய வைத்திருக்கும் சாஃப்ட்னர், கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் எடுத்துக்கொண்டு அவற்றுக்குப் பதிலாகச் சோடியத்தை விடுகிறது. குழாயில் வெள்ளைப் படிவு வராததால் நல்ல தண்ணீர் என்று நம்பி அதையே செடிக்கு ஊற்றுகிறோம். மண்ணோ மெல்ல மெல்லக் களராகிறது. நீரில் கரைந்துள்ள உப்பின் மொத்த அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் இதைக் காட்டாது, ஏனெனில் உப்பின் வகைதான் மாறுகிறதே ஒழிய அளவு பெரிதாக மாறுவதில்லை. ஆர்ஓ கருவி கழித்துவிடும் நீரைச் செடிக்கு ஊற்றுவதும் இப்படித்தான். சிக்கனம் பாராட்டத்தக்கது என்றாலும், அந்த நீரில் உப்பு மூல நீரைவிடச் செறிந்திருக்கும்.

பயிர்த் தேர்விலும் கவனம் வேண்டும். டிடிஎஸ் மீட்டர் 2,000 பிபிஎம் (லிட்டருக்கு 2,000 மில்லிகிராம்) காட்டும் நீரின் மின்கடத்தும் திறன் ஏறக்குறைய 3 டெசிசைமன். பீன்ஸும் கேரட்டும் வேர்மண்ணில் 1 டெசிசைமனைத் தாண்டியதுமே விளைச்சல் குறையத் தொடங்கும் பயிர்கள். வெங்காயமும் முள்ளங்கியும் 1.2, தக்காளி 2.5 வரை தாங்கும். பீட்ரூட் 4 வரையும், காராமணி ஏறக்குறைய 5 வரையும், கொத்தவரை 8-க்கு மேலும் தாக்குப்பிடிக்கும். தாங்கும் பயிர்கள் சோடியத்தை வேரிலேயே தடுத்து நிறுத்தியோ, முதிர்ந்த இலைகளில் ஒதுக்கிவைத்தோ, திசுவில் சர்க்கரையும் புரோலின் என்ற அமினோ அமிலமும் சேர்த்து நீரை இழுத்துக்கொண்டோ சமாளிக்கின்றன. ஆனால் பீட்ரூட் முளைக்கும் பருவத்தில் மென்மையானது. நல்ல நீரில் விதைத்து முளைக்க வைத்த பிறகே உப்பு நீருக்குப் பழக்க வேண்டும்.

இளந்தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால், கார மண்ணில் இரும்புச்சத்து கிட்டவில்லை என்று பொருள். அப்போது அன்னபேதியை (இரும்பு சல்பேட்) மண்ணில் கொட்டுவதால் பெரும்பயன் இல்லை, அது அங்கேயே கரையாத வடிவமாக மாறிவிடும். 0.5 விழுக்காட்டுக் கரைசலாக்கி மாலையில் இலையில் தெளிப்பதே பலன் தரும். தக்காளிக் காயின் அடி கறுத்து அழுகுவதும் பெரும்பாலும் நோயன்று. உப்பால் நீரோட்டம் குறைந்து காய்க்குக் கால்சியம் போய்ச்சேராததன் விளைவு.

தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பது மற்றொரு தவறு. நீர் ஆவியாக, உப்பு மட்டும் பையிலேயே தங்குகிறது. ஊற்றும் நீரில் ஐந்தில் ஒரு பங்கேனும் அடித்துளை வழியே வடிய வேண்டும், வடிந்ததைத் தட்டில் தேங்கவிடக் கூடாது. கழுவாத தென்னை நார்க்கழிவிலும் உப்பு உண்டு என்பதால் அதை இரண்டு மூன்று முறை அலசிய பிறகே பையில் நிரப்ப வேண்டும். இலைமீது உப்பு நீரைப் பூவாளியால் ஊற்றினால், அதுவும் பங்குனி வெயிலில், இலை நேரடியாகக் கருகும்.

வடகிழக்குப் பருவமழை நமக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த கழுவு நீர். ஐப்பசியில் வளர்ப்புப் பைகளைத் தார்ப்பாயால் மூடிவைப்பவர்கள், செடிகள் அழுகிவிடும் அளவுக்குக் கனமழை பெய்யும் நாட்கள் நீங்கலாக, அவற்றைத் திறந்துவிடலாம். சொட்டுநீர் போட்டிருப்போர் மட்டும் முதல் தூறலில் கவனமாக இருக்க வேண்டும்: ஈரவட்டத்தின் விளிம்பில் தேங்கியிருக்கும் உப்பை அந்தச் சிறு மழை வேரை நோக்கித் தள்ளிவிடும் என்பதால், மழை வலுக்கும் வரை சொட்டுநீரை நிறுத்தக் கூடாது.