கொலோனோஸ்கோபிக்குக் குடலைச் சுத்தம் செய்வது: என் அனுபவம்

எனக்கு அல்சரேட்டிவ் கோலைட்டிஸ், அதாவது பெருங்குடலில் வீக்கமும் புண்ணும் வரும் நோய். கொலோனோஸ்கோபி (கேமரா வைத்த குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை) என்றால் குழாயைவிட அதற்கு முன் குடிக்கும் பெக் கரைசல்தான், அதாவது குடலைக் கழுவும் பேதி மருந்துதான் பயம். போன தடவை மொத்தத்தையும் சாயங்காலமே குடிக்கச் சொன்னார்கள். பாதியில் வாந்தி, குடல் சுத்தமாகவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

இந்தத் தடவை டாக்டரிடம் கேட்டு 2 லிட்டரை இரண்டாகப் பிரித்துக்கொண்டேன். பாதி முந்தின இரவு, மீதி விடியற்காலையில். ஃப்ரிட்ஜில் குளிரவைத்து, ஸ்ட்ராவை நாக்கின் பின்பகுதியில் வைத்து உறிஞ்சினால் அந்தக் கரிப்பு அவ்வளவாகத் தெரியாது. குமட்டினால் கொஞ்சம் நிறுத்தி, நடந்துவிட்டு மறுபடி தொடரலாம்.

மருந்துக்கடையில், "இது சின்ன பாட்டில்தான் சார், ஈஸியா குடிச்சிடலாம்" என்று சோடியம் பாஸ்பேட் என்ற வேறு பேதி மருந்தை நீட்டினார்கள். கோலைட்டிஸ் இருக்கும் நமக்கு அது வேண்டாம். குடல் சுவரில் சின்னச் சின்னப் புண் உண்டாக்கலாம்; நோயால் வந்ததா, மருந்தால் வந்ததா என்று டாக்டருக்கே குழப்பம். சிறுநீரகத்துக்கும் ஆபத்து.

டாக்டர் சொன்னபடி இரும்புச்சத்து மாத்திரையை ஒரு வாரம் முன்பே நிறுத்தினேன், கோலைட்டிஸுக்குச் சாப்பிடும் மெசலமினை நிறுத்தவில்லை. கீரை, கொய்யா, கேழ்வரகு கட். குழைந்த சோறு, இட்லி. கடைசி நாள் வடிகட்டிய இளநீர், தெளிந்த சூப். சிவப்பு ஜூஸ் கூடாது, உள்ளே ரத்தம் மாதிரி தெரியும்.

தண்டையார்பேட்டையில் எங்களுடையது ஒண்டுக்குடித்தனம், கக்கூஸ் பொது. பக்கத்துப் போர்ஷன் அக்காவிடம் முன்கூட்டியே சொல்லி, டிரம்மில் தண்ணீர் பிடித்து வைத்தேன். அப்புறம், முதல் டம்ளருக்கு முன்னாலேயே பின்பக்கம் வாஸ்லின் தடவிக்கொள்ளுங்கள். எரிய ஆரம்பிக்கும்வரை காத்திருக்காதீர்கள்.