உப்புப் பூத்த சுவரும் ஆடிக் காற்றில் பறக்கும் திரையும்

பெயின்ட் அடித்து ஒரு வருஷம்கூட ஆகாமல் சுவரின் அடிப்பக்கம் வெள்ளையாகப் பொடி உதிர்ந்தால் பெயின்டைக் குறை சொல்லிப் பயனில்லை. சுவருக்குள் இருக்கும் ஈரம் உப்பைக் கரைத்துக்கொண்டு வெளியே வருகிறது. தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு பூச்சிலேயே தங்கி, பெயின்டுக்கு அடியில் வழவழப்புக்காக இழுக்கும் பட்டியைப் பேர்த்துத் தள்ளும். அதன்மேல் எவ்வளவு விலையான பெயின்ட் அடித்தாலும் கதி அதேதான்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள். 2 அடிக்கு 2 அடி பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து, நான்கு ஓரமும் டேப் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம் வேர்த்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. வெளிப்பக்கம் வேர்த்தால் அறையில் காற்றோட்டம் போதவில்லை. கறையின் வடிவத்தையும் கவனியுங்கள். தரையிலிருந்து இரண்டு மூன்று அடிக்கு ஒரே மட்டமாக நின்றால் அஸ்திவாரத்திலிருந்து ஏறும் ஈரம். ஒரே இடத்தில் திட்டாக இருந்தால் பின்பக்கக் குளியலறையோ குழாயோ கசிகிறது. ஜன்னல் மூலையிலிருந்து இறங்கினால் வெளிப்பூச்சில் வெடிப்பு இருக்கும்.

கசிவை அடைத்து, சுவரை மூன்று வாரமாவது காயவிட்ட பிறகே வேலையைத் தொடங்குங்கள். உப்பைத் தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது. கரைந்து மறுபடியும் உள்ளே போய்விடும். உலர்ந்த கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக் கூட்டி அள்ளுங்கள். பூச்சைத் தட்டிப் பார்த்து, பொள்ளலாகச் சத்தம் கேட்கும் இடத்தையும் அதைச் சுற்றி ஒரு அடியையும் கொத்தி எடுங்கள். மறுபூச்சுக்கு ஒரு பங்கு சிமென்ட், நாலு பங்கு மணல். நீர்த்தடுப்புத் திரவத்தை டப்பாவில் போட்டிருக்கும் அளவுக்குச் சேருங்கள். பெரும்பாலும் 50 கிலோ மூட்டைக்கு 200 மில்லி. ஏழு நாள் தண்ணீர் காட்டி, மொத்தம் 28 நாள் விட்டுத்தான் பட்டி பார்க்க வேண்டும்.

நம் கோவைப் பக்கத்தில் பலர் தவறுவது தண்ணீரில்தான். சாந்துக்கும் பட்டிக்கும் போர்த் தண்ணீரை ஊற்றுகிறார்கள். உப்பை எடுத்த சுவருக்கே உப்பைத் திருப்பிக் கொடுத்தது போலாகிவிடும். சிறுவாணியோ பில்லூரோ, வீட்டுக்குக் குழாயில் வரும் அணைத் தண்ணியை இரண்டு குடம் பிடித்து வைத்துக் கொத்தனாரிடம் கொடுங்கள்.

சிமென்ட் பட்டிக்குக் கிலோவுக்கு 360 முதல் 380 மில்லி தண்ணீர் போதும். சுவரை லேசாக நனைத்துவிட்டு இரண்டு கை இழுங்கள். இரண்டும் சேர்ந்து ஒன்றரை மில்லிமீட்டரைத் தாண்டினால் வெடிக்கும். கலந்ததை மூன்று மணி நேரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். ஒரு நாள் காய்ந்ததும் உப்புத்தாள் (சாண்ட் பேப்பர்) தேய்த்து, தூசியைத் துடைத்து, பிரைமர் ஒரு கை, பெயின்ட் இரண்டு கை அடித்தால் முடிந்தது. இதற்கு ஏற்ற காலம் தை முதல் சித்திரை வரை. ஆனி, ஆடியில் ஈரப் பெயின்டில் புழுதி ஒட்டும். ஐப்பசியில் சுவர் காயாது.

மண்ணிலோ சுண்ணாம்புச் சாந்திலோ கட்டிய பழைய ஓட்டு வீட்டின் ஆசாரத்துக்கு (முன்கூடத்துக்கு) இந்த முறை வேண்டவே வேண்டாம். அந்தச் சுவர் மூச்சு விடும். சிமென்ட்டும் பிளாஸ்டிக் பெயின்டும் பூசி அடைத்தால் ஈரம் இன்னும் மேலே ஏறும். அடியில் டைல்ஸ் ஒட்டி மறைத்தாலும் அப்படித்தான். சுண்ணாம்பே அடியுங்கள், அழகும் அதுதான்.

அடுத்தது திரை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று பொள்ளாச்சி, உடுமலை, கோவையில் மெல்லிய திரையை ஜன்னலில் நிற்கவிடாது. கரூர்த் துணியில் கெட்டியான பருத்தியாக எடுத்து, கீழே 5 அங்குலம் மடித்துத் தைத்து, மடிப்புக்குள் திரைக்கென்றே விற்கும் எடைச் சங்கிலியைக் கோத்துவிடுங்கள். 7 அடி திரைக்கு மேல் மடிப்பு 4 அங்குலம், சுருங்குவதற்கு 5 அங்குலம் எல்லாம் சேர்த்து இரண்டரை மீட்டர் வேண்டும். நனைத்துக் காயவைத்த பிறகே வெட்டுங்கள். கம்பி, ஜன்னலைவிட இருபக்கமும் அரை அடி நீளமாக இருக்கட்டும். துணியின் மொத்த அகலம் கம்பியைப்போல் இரண்டு மடங்கு. வளையங்களை இரட்டைப்படையில் அடித்தால்தான் திரையின் இரண்டு ஓரமும் சுவர்ப்பக்கம் திரும்பும்.

கம்பி மாட்ட ஜன்னலுக்கு மேலே 4 அங்குலத்தில் துளை போட்டால், சுவரைத் தாங்க ஜன்னல்மேல் போட்டிருக்கும் லிண்டல் கான்கிரீட்தான் தட்டும். அங்கே ஹேமர் டிரில்லும் 8 மில்லி பிட்டும் வேண்டும். கான்கிரீட்டின் உள்கம்பியில் இடித்தால் அழுத்தாமல் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். ஹாலோ பிளாக் (உள்ளே வெற்றிடம் உள்ள சிமென்ட் கல்) சுவராக இருந்தால் ஹேமரை நிறுத்திவிட்டு மெதுவாகத் துளையிட்டு, நீளமான பிளக் போடுங்கள். இல்லையென்றால் முதல் காற்றிலேயே கம்பியோடு கழன்று வரும்.