யூரியா பசையை விட்டு வெளியே வர நினைக்கும் பிளைவுட்காரர்களுக்கு

ஆரியங்காவு தாண்டி வரும் ரப்பர் மரத்தை வைத்துச் செங்கோட்டைப் பக்கம் பிளைவுட் போடுகிறவர்களுக்கு யூரியா ஃபார்மால்டிஹைடு பசைதான் சுலபம். விலை குறைவு, நவச்சாரம் கொஞ்சம் போட்டால், பலகையைச் சூடேற்றி அழுத்தும் ஹாட் பிரஸ்ஸில் சீக்கிரம் இறுகிவிடும். ஆனால் பிரஸ்ஸைத் திறந்ததும் கண் எரிகிறதே, அந்த ஃபார்மால்டிஹைடைத்தான் 2004-ல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று அறிவித்தது.

முதலில், பலகை எங்கே போகப் போகிறது? அலமாரி, கட்டில் என்றால் சோயா பசையே போதும். எண்ணெய் எடுத்த, அதிகம் சூடேற்றாத சோயா மாவாக வாங்குங்கள். தீவனப் புண்ணாக்கு வேண்டாம், வெந்துபோன புரதம் சரியாகக் கரையாது. வெறும் மாவுக் கரைசல் ஈரம் பட்டால் விட்டுவிடும், அதனால் டிஷ்யூ பேப்பர் நனைந்தாலும் கிழியாமலிருக்கக் காகித ஆலைகளில் சேர்க்கிற பிஏஇ ரெசினைக் கூடவே கலக்க வேண்டும். அமெரிக்காவில் ஒரு பெரிய கம்பெனி 2005-லிருந்து இந்த வழியில்தான் பலகை போடுகிறது.

தண்ணீரில் ரெசினை ஊற்றி, மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கலக்குங்கள், இட்லி மாவுப் பதம் வரட்டும். கட்டி நின்றால் பசை பூசும் ஸ்பிரெடர் உருளையில் கோடு விழும், அந்தக் கோட்டில் பசையே இருக்காது. அன்றைக்குத் தேவையானதை மட்டும் கலக்குங்கள், மீந்தது மறுநாள் நாறும். இந்தப் பசையில் தண்ணீர் அதிகம் என்பதால் வெனீரை, அதாவது அடுக்கி ஒட்டும் மெல்லிய மரத்தகட்டை, வழக்கத்தைவிட நன்றாகக் காயவைத்து, 120 டிகிரி வாக்கில் அழுத்தி, அப்புறம் அழுத்தத்தை மெதுவாக இறக்குங்கள். சட்டென்று திறந்தால் உள்ளே சிக்கிய ஆவி பலகையைக் கொப்புளமாகத் தூக்கிவிடும்.

சமையலறைக்கும், கான்கிரீட் ஊற்ற அச்சாக அடிக்கும் ஷட்டரிங் வேலைக்கும் சோயாவை நான் நம்பமாட்டேன். அதற்குப் பீனால் ஃபார்மால்டிஹைடு பசையில் பீனாலில் ஒரு பங்கைக் குறைத்துவிட்டு, முந்திரி ஓட்டு எண்ணெயிலிருந்து எடுக்கும் கார்டனால் சேர்த்த ரெசின் இருக்கிறது. முந்திரிக்குக் கொல்லம் பக்கத்திலேயே இருக்கிறதே! இதிலும் ஃபார்மால்டிஹைடு உண்டு, ஆனால் இறுகிய பலகையிலிருந்து யூரியா பசை அளவுக்கு வெளியே வராது. இறுக நேரம் கூடுதலாகப் பிடிக்கும். பதப்படுத்தாத முந்திரி ஓட்டு எண்ணெய் கையில் பட்டால் தோல் வெந்துவிடும், அதோடு ரெசினை நீங்களே டிரம்மில் காய்ச்சப் போகாதீர்கள், சூடு கட்டுக்கடங்காமல் ஏறும். ரெசின் தயாரிப்பவரிடமே கேட்டு வாங்குங்கள்.

எதுவானாலும் மொத்த லோடையும் மாற்றுவதற்கு முன் ஒரு துண்டை வெட்டி, வீட்டுக்குள் பயன்படும் பலகை என்றால் 60 டிகிரி தண்ணீரில் 3 மணி நேரம், தண்ணீரைத் தாங்க வேண்டிய மரைன் தரம் என்றால் 72 மணி நேரம் கொதிநீரில் போட்டு, உளியால் நெம்பிப் பாருங்கள். மரநார் கிழிந்து வந்தால் பசை பிடித்திருக்கிறது. வழவழவென்று பிரிந்தால் கலவையையோ வெனீர் ஈரத்தையோ திரும்பப் பார்க்க வேண்டும்.