பனிக்காலத்துக்கு ஒரு கதகதப்பான ரேழி

அம்மா முதல் தடவையாகக் கனடாவில் நான் இருக்கும் மிஸ்ஸிசாகாவுக்கு வந்தது ஒரு டிசம்பர் மாத ராத்திரி. கதவைத் திறந்தால், நான் இரண்டு வாரமாக யோசித்து யோசித்து மாட்டிய விளக்குச் சரம், கதவில் ஊசியிலை வளையம், சுவரில் தஞ்சாவூர்த் தட்டு, எல்லாம் ஜொலிக்கிறது. அம்மா எதையும் பார்க்கவில்லை. ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் காலில் நின்று, ஆயுளில் முதல் தடவையாகப் போட்ட பூட்ஸைக் கழற்றப் போராடி, கடைசியில் கழற்றிய காலை உருகிக் கிடந்த பனித்தண்ணீரில் வைத்துவிட்டார். காலுறை நனைந்ததும் அவர் கேட்டது, "ஏன்டா, வாசல்லயே உட்கார ஒரு இடம் கிடையாதா?"

கும்பகோணத்தில் எங்கள் வீட்டில் திண்ணை இருந்தது, அதைத் தாண்டினால் ரேழி, வாசலுக்கும் கூடத்துக்கும் நடுவில் இருக்கும் நடை. வெயிலில் வந்தவர் திண்ணையில் உட்கார்ந்து, மூச்சு வாங்கி, காலைக் கழுவித் துடைத்துக்கொண்டுதான் உள்ளே வருவார். நான் திண்ணையை விட்டுவிட்டுத் தோரணத்தை மட்டும் கட்டியிருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அதனால் வாசலைப் பனிக்காலத்துக்குத் தயார் செய்யும் இந்தச் செய்முறையில் அலங்காரம் கடைசியில்தான் வரும். அதுவரை கொஞ்சம் பொறுமை.

என் வாசல் பெரிசு இல்லை. டவுன்ஹவுஸ், உள்ளே நுழைந்ததும் நாலடிக்கு ஆறடி. ஒரு சனி ஞாயிறு போதும். நவம்பர் முதல் பாதியில் செய்துவிடுங்கள், ஏன் என்று கீழே தெரியும்.

1. காலி செய்து அளந்துகொள்ளுங்கள்

செருப்பு ஸ்டாண்ட், குடை, பழைய விளம்பரத் தாள், எல்லாவற்றையும் கூடத்துக்கு நகர்த்துங்கள். மூன்று அளவு வேண்டும்: தரையின் நீள அகலம், கதவு உள்பக்கம் திறக்கும்போது எவ்வளவு தூரம் வீசுகிறது, அப்புறம் கதவின் அடிக்கும் தரைக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி. மூன்றாவதைத்தான் எல்லோரும் மறப்பார்கள். மெத்தென்று ஒரு மிதியடி வாங்கி வந்து விரித்தால் கதவு அதில் சிக்கிக்கொண்டு திறக்காது. எனக்கு நடந்திருக்கிறது, அந்த மிதியடி இப்போது குளியலறையில் இருக்கிறது.

2. ஊதுபத்திச் சோதனை

காற்று அடிக்கிற நாளாகப் பாருங்கள். ஹீட்டர் விசிறியை அணைத்துவிட்டு, ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி, சாத்திய கதவின் நாலு ஓரமாகவும் மெதுவாக நகர்த்துங்கள். புகை நேராக மேலே போனால் அங்கே பிரச்சினை இல்லை. வெடுக்கென்று உள்பக்கம் சாய்ந்தால் அந்த இடத்தில் வெளிக்காற்று வருகிறது. பக்கவாட்டுக்கும் மேல்பக்கத்துக்கும் ஒட்டுகிற நுரைப்பட்டை கிடைக்கும். அடிப்பக்கத்துக்குக் கதவிலேயே திருகி மாட்டும் ரப்பர் பட்டை. ஒட்டுமுன் சட்டத்தை நன்றாகத் துடைத்துக் காயவிடுங்கள். கடுங்குளிரில் பசை பிடிக்காது, நவம்பர் முதல் பாதி என்று சொன்னதற்கு இது ஒரு காரணம். பட்டை ரொம்பத் தடிமனாக இருந்தால் கதவைத் தோளால் முட்டிச் சாத்த வேண்டியிருக்கும், அதற்கு மெல்லியதையே வாங்கலாம்.

3. தண்ணீரும் உப்பும்

இங்கே நடைபாதையில் பனி உருகுவதற்காகக் கல்லுப்பைக் கொட்டுகிறார்கள். அது பூட்ஸில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வந்து, தண்ணீர் காய்ந்ததும் வெள்ளைத் திட்டாகப் படிகிறது. இதைத் தடுக்க மூன்று அடுக்கு போதும்.

கதவுக்கு வெளியே தேங்காய் நார் மிதியடி. சொரசொரப்பானது, பனியையும் உப்புக் கற்களையும் சுரண்டி எடுத்துவிடும். (என்னுடையதைத் திருப்பிப் பார்த்தால் அடியில் இந்தியா என்று போட்டிருக்கிறது. நான் விமானத்தில் வந்தேன், அது கப்பலில் வந்திருக்கும்.) இதை உள்ளே போடாதீர்கள், நார் உதிர்ந்துகொண்டே இருக்கும். உள்ளே துவைக்கக்கூடிய பருத்தி மிதியடி, இரண்டு வாங்கினால் ஒன்று துவைக்கப் போகும்போது மற்றது கிடக்கும். தரை வைனிலாக இருந்தால் ரப்பர் அடிப்பாகம் உள்ளதைத் தவிர்க்கவும், நாளாக ஆக மஞ்சள் கறை படியும், அது போகாது.

மூன்றாவது, பூட்ஸ் தட்டு. ஓரம் உயர்ந்த ரப்பர் தட்டாக வாங்கி, அதில் ஒரு வரிசை கூழாங்கல் பரப்புங்கள். தண்ணீர் கல்லுக்கு அடியில் போய்விடும், பூட்ஸ் கல்லின் மேல் உலர்ந்து நிற்கும். பார்க்கவும் ஆற்றுப்படுகை மாதிரி அழகாக இருக்கும். வாரம் ஒரு முறை கல்லோடு அலசிவிடுங்கள். ஹீட்டர் காற்று வருகிற துவாரத்தின் மேல் பூட்ஸை வைத்துக் காயவைக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், தோல் வெடிக்கும்.

பூட்ஸில் ஏற்கெனவே உப்புக் கறை இருக்கிறதா? வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து துணியில் நனைத்துத் துடைத்தால் போய்விடும். மார்பிள் தரையில் மட்டும் வினிகர் படக்கூடாது, பளபளப்பு போய்விடும்.

அபார்ட்மெண்டில் இருப்பவர்கள் வெளி மிதியடியை மறந்துவிடலாம். தீ விபத்து நேரத்தில் காலைத் தடுக்கும் என்பதால், தாழ்வாரத்தில் மிதியடி, செருப்பு எதையுமே வைக்க விடாத கட்டடங்கள் நிறைய.

4. திண்ணை

இதுதான் எல்லாவற்றுக்கும் தலை. காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் இதை மட்டும் செய்யுங்கள்.

உட்காரும் உயரம் 45 செ.மீ. சுற்று வட்டாரத்தில் இருக்கட்டும். வயதானவர்கள் வருவார்கள் என்றால் இரண்டு மூன்று செ.மீ. கூடுதலாக இருந்தாலும் நல்லது, தாழ்வாக இருந்தால் எழுந்திருக்க முடியாது. நீளம் 80 செ.மீ. இருந்தால் ஒருவர் உட்கார்ந்து பக்கத்தில் பையையும் வைக்கலாம். அடிப்பக்கம் திறந்திருக்கிற பெஞ்சாகப் பாருங்கள், தட்டு அதன் கீழே போய்விடும். என் பெஞ்சு யாரோ தெருவோரம் வைத்துவிட்டுப் போனது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இரண்டு கோட்டு வார்னிஷ் அடித்தேன். மேலே நாலாக மடித்த பவானி ஜமக்காளம். புதுசாக வாங்கிய எந்த மெத்தையும் அந்தச் சிவப்புக்கும் பச்சைக்கும் ஈடாகவில்லை, அழுக்கானால் மெஷினில் போடாமல் கையால் அலசிக்கொள்ளலாம்.

உட்கார்ந்தபடி கைக்கு எட்டும் இடத்தில் ஒரு கூடை, அதில் வீட்டுக்குள் போடும் செருப்பு ஆறு ஜோடி. வீட்டுக்குள் காலணி போடாதது நமக்கும் இந்த ஊர்க்காரர்களுக்கும் ஒத்துப்போகிற விஷயம், ஆனால் ஜனவரி மாதத் தரையில் வெறுங்காலோடு நடக்கச் சொல்வது விருந்தோம்பல் இல்லை.

5. கோட்டு மாட்ட

ஜாக்கெட் என்றால் அம்மாவுக்கு ரவிக்கைதான் ஞாபகம் வருகிறது, அதனால் கோட்டு என்றே எழுதுகிறேன்.

இந்த வீடுகளின் சுவர் செங்கல் இல்லை, ஜிப்சம் பலகை. அதில் ஆணி அடித்தால் பிடிமானம் கிடையாது. நான் சுவரில் துளை போட்டு, திருகாணியைப் பிடிக்கும் பிளாஸ்டிக் ஆப்பு செருகி ஐந்து கொக்கி கொண்ட பலகையை மாட்டினேன். முதல் பனிப்புயல் அன்று நாலு நனைந்த கோட்டு ஏறியதும் ராத்திரி பத்து மணிக்குச் சுவரைப் பெயர்த்துக்கொண்டு விழுந்தது. ஜிப்சம் பலகைக்குப் பின்னால் மரச்சட்டங்கள் ஓடும், வழக்கமாக 16 அங்குலத்துக்கு ஒன்று. அதில்தான் திருகாணி ஏற வேண்டும். கண்டுபிடிக்கக் கருவி வாங்க வேண்டியதில்லை: ஒரு சின்னக் காந்தத்தை நூலில் கட்டிச் சுவரை ஒட்டி மெல்ல நகர்த்துங்கள், பலகையைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் திருகாணி இருக்கும் இடத்தில் அது ஒட்டிக்கொள்ளும். அதற்கு நேர் மேலேயும் கீழேயும் ஒட்டினால் அதுதான் சட்டம். பென்சிலால் குறித்துக்கொண்டு, நீளமான ஒரு மரப்பலகையை இரண்டு சட்டத்தில் பிடிக்கிற மாதிரி திருகி, கொக்கிகளை அந்தப் பலகையில் மாட்டுங்கள்.

பெரியவர்களுக்கு 160 செ.மீ. உயரம், பிள்ளைகளுக்கு ஒரு மீட்டர். கொக்கிக்குக் கொக்கி 20 செ.மீ. விடுங்கள், பனிக்காலக் கோட்டு தலையணை மாதிரி உப்பியிருக்கும். ஆளுக்கு ஒரு கொக்கி, விருந்தாளிக்கு இரண்டு, அவ்வளவுதான், மீதி அலமாரிக்குள். கொக்கியில் பத்துக் கோட்டு தொங்கினால் எந்த அலங்காரமும் எடுபடாது.

இன்னொன்று, இதை இங்கத்திய அலங்காரப் பத்திரிகை எதுவும் சொல்லாது. சமையலறை வாசலுக்குப் பக்கமாக இருந்தால், தாளிக்கிற நாளில் கோட்டை அலமாரிக்குள் வைத்துச் சாத்திவிடுங்கள். சாம்பாரும் மீன் வறுவலும் அந்தத் துணியில் ஏறினால் மறுநாள் லிஃப்ட்டில் எல்லோருக்கும் உங்கள் வீட்டு மெனு தெரிந்துவிடும். மாதக்கணக்கில் துவைக்காத உடுப்பு அது.

6. வெளிச்சம்

டிசம்பர் கடைசியில் இங்கே நாலே முக்காலுக்குச் சூரியன் போய்விடுகிறது. வேலை முடிந்து வரும் எல்லோரும் இருட்டில்தான் வருகிறார்கள், அதனால் கதகதப்பில் பாதி வேலை விளக்குக்கு.

பல்பு அட்டையில் கெல்வின் எண்ணைப் பாருங்கள். 2700 என்றால் பழைய குண்டு பல்பின் மஞ்சள் நிறம், அது வேண்டும். 4000க்கு மேலே போனால் மருந்துக்கடை வெளிச்சம். மேல் விளக்கு ஒன்று மட்டும் இருந்தால் முகத்தில் நிழல் விழும், ஆகவே கண் மட்டத்துக்குக் கீழே இன்னொன்று வையுங்கள். சின்ன மேசை விளக்கோ, பெஞ்சுக்கு அடியில் ஆள் வந்தால் எரிகிற பேட்டரி விளக்கோ போதும். மேசை விளக்கை டைமர் பிளக்கில் மாட்டி நாலரைக்கு எரிய வையுங்கள். சாவியைத் தேடும்போதே கண்ணாடி வழியே அந்த மஞ்சள் தெரியும்.

எதிர்ச்சுவரில் ஒரு கண்ணாடி மாட்டினால் அதே வெளிச்சம் இரட்டிப்பாகும், தொப்பி கலைத்த தலையையும் சரிசெய்துகொள்ளலாம்.

அகல் விளக்கு? வையுங்கள், ஆனால் கோட்டும் மப்ளரும் தொங்குகிற இடத்தில் நிஜச் சுடர் வேண்டாம். அகலுக்குள் பேட்டரிச் சுடரை வைத்தால் மண் நிறமும் மஞ்சளும் சேர்ந்து நன்றாகவே இருக்கிறது. மண் அகலை வெளியே விட்டுவிடாதீர்கள், அதில் ஊறிய தண்ணீர் உறைந்து விரியும்போது விரிசல் விடும்.

7. இனிமேல்தான் அலங்காரம்

வாங்குவதைவிடக் குறைப்பது நல்லது. மூன்று பொருள் போதும் என்பது என் கணக்கு.

ஒன்று, நிலைக்கு மேலே தோரணம். மாவிலை இங்கே சீக்கிரம் சருகாகிவிடும், அதனால் கம்பளித் துணியில் மாவிலை வடிவத்தில் பதினைந்து இருபது வெட்டி நூலில் கோத்துவிட்டேன். அளவுக்கு அட்டையில் ஒரு இலை வரைந்து வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளே வெட்டிவிடுவார்கள்.

இரண்டு, கோலப் பலகை. வெளியே போட்ட கோலத்தைப் பனி விழுங்கிவிடும். இரண்டடிச் சதுரப் பலகைக்குக் காவி நிற அக்ரிலிக் இரண்டு கோட்டு, காய்ந்ததும் புள்ளி வைத்து வெள்ளை அக்ரிலிக்கில் சிக்குக் கோலம். முதல் தடவை என்றால் ஐந்துக்கு ஐந்து புள்ளியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பெஞ்சுக்குப் பக்கத்தில் சாய்த்து வையுங்கள், காலில் மிதிபட வேண்டாம். மார்கழி முழுக்க அது அங்கேயே இருக்கும்.

மூன்றாவது வெளியே, படிக்குப் பக்கத்தில் ஒரு தொட்டி. நவம்பரில் தோட்டக் கடைகளில் ஸ்ப்ரூஸ், பைன், சீடர் கிளைகளும், சிவப்பு டாக்வுட் குச்சிகளும் கட்டுக் கட்டாக வரும். பிளாஸ்டிக் அல்லது மரத் தொட்டியில் மண்ணை நிரப்பி, குச்சிகளை நடுவில் நிமிர்த்தியும் கிளைகளைச் சுற்றிலும் சாய்த்தும் ஆழமாகச் செருகி, கடைசியில் நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். மண் உறைந்ததும் சிமெண்ட் வைத்த மாதிரி பிடித்துக்கொள்ளும், எந்தக் காற்றுக்கும் அசையாது. உறைந்த பிறகு செருகப் பார்த்தால் குச்சிதான் உடையும், நவம்பர் என்றதற்கு இரண்டாவது காரணம் இது.

சிவப்பு ரிப்பன், தங்க நிற உருண்டை எல்லாம் கிறிஸ்துமஸோடு பழசாகிவிடும், அவற்றை ஜனவரி முதல் வாரம் கழற்றிவிடுங்கள். பச்சையும் சிவப்புக் குச்சியும் பொங்கலுக்கும் பொருந்தும். பொங்கலன்று நான் இரண்டு கரும்புத் துண்டை அந்தத் தொட்டியில் நிறுத்தப் பார்த்தேன், செருக முடியவில்லை, குச்சிகளோடு கயிற்றால் கட்டிவிட்டேன். அம்மா இந்தத் தடவை ஜமக்காளத்தில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிவிட்டு, கரும்பு நேராக நிற்கவில்லை என்று மட்டும் சொன்னார்.