வெளிநாட்டிலிருந்து கைக்குழந்தையோடு யாழ்ப்பாணம் போகிறவர்கள் முதல் வாரத்திலேயே தேட வேண்டிய ஆள்

பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த பிறகுதான் ஊரில் எங்கே கொண்டு போவது என்று யோசிக்கத் தொடங்குகிறோம். அந்த நேரம் ஒருவர் தனியார் ஆஸ்பத்திரி என்பார், இன்னொருவர் சனல் பண்ணுவோம் (பணம் கட்டி விசேட வைத்தியரிடம் நேரம் எடுப்போம்) என்பார், பிள்ளை கையில் கிடந்து கொதிக்கும். அதுவரை காத்திராமல் தங்கியிருக்கும் வீட்டுப் பகுதிக்குரிய குடும்பநல உத்தியோகத்தரை முதல் வாரத்திலேயே கண்டுபிடியுங்கள். ஊரில் மிட்வைஃப் என்று கேட்டால்தான் விளங்கும்.

இரண்டு வயதுக்குள் பிள்ளை இருக்கும் எந்த வீட்டிலும் அவருடைய தொலைபேசி இலக்கம் இருக்கும். இல்லையென்றால் கிராம சேவையாளரிடமோ, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ கேட்கலாம். பிழை நடப்பது இங்கேதான். பூர்வீக வீடு எங்கே என்பது கணக்கில்லை, பிள்ளை இரவில் படுக்கும் வீடு எந்தப் பிரிவோ அந்தப் பிரிவின் மிட்வைஃப்தான் உங்களுக்கு உரியவர். “எனக்குத் தெரிஞ்ச மிட்வைஃப் ஒராள் இருக்கிறா” என்று உறவினர் கூட்டிக்கொண்டு போகும் ஆள் வேறு பிரிவென்றால் அரை நாள் வீண்.

பிள்ளையின் நிறை பார்ப்பது, தாய்ப்பால் சரியாகப் பிடிக்கிறதா என்று பார்ப்பது, ஆறு மாதத்துக்குப் பிறகு என்ன ஊட்டுவது என்று சொல்வது, கிளினிக் நாளைச் சொல்வது எல்லாம் அவர் வேலை. பிள்ளை பெற்ற தாய் காரணமில்லாமல் அழுதுகொண்டே இருந்தால் அதையும் அவரிடம் தயங்காமல் சொல்லுங்கள், மனநலப் பிரிவுக்கு வழிகாட்டுவார்.

இனி, ஊரில் நிற்கும்போது பிள்ளைக்கு ஊசி முறை வந்தால் காட்ட வேண்டிய தடுப்பூசி அட்டை. ஒரு பயணத்தை முழுசாகத் தின்றுவிடக்கூடிய விஷயம் இதுதான். ஜேர்மன், பிரெஞ்சு, நோர்வேஜிய மொழிகளில் உள்ள அட்டையை நீட்டினால் கிளினிக்கில் யாருக்கும் வாசிக்க வராது. பல அட்டைகளில் ஊசிக்கு மருந்துக் கம்பனி வைத்த பெயர்தான் இருக்கும். ‘இன்ஃபன்ரிக்ஸ் ஹெக்ஸா’ என்று எழுதியிருந்தால் அது ஆறு நோய்களுக்கான கூட்டு ஊசி என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். திகதி இன்னும் மோசம். 03/05 என்பது அமெரிக்க அட்டையில் மார்ச் 5, ஊரில் மே 3. ஒரே ஊசியின் இரண்டு தரங்களுக்கு இடையில் குறைந்தது 4 வாரம் இருக்க வேண்டும் என்பதால், திகதி சந்தேகமானால் பொறுப்பான எவரும் ஊசி போடமாட்டார். அட்டையைப் பணிமனைக்குக் கொண்டு போய் டொக்டரிடம் காட்டச் சொல்வார்கள். டொக்டர் வேறு கிளினிக்குக்குப் போயிருப்பார். அடுத்த கிளினிக் வரும்போது உங்கள் விமானம் போயிருக்கும்.

எனவே புறப்படுமுன் ஒரு தாளில் பிள்ளையின் பெயர், பிறந்த திகதி, ஒவ்வொரு ஊசியும் எந்தெந்த நோய்க்கு, எத்தனையாவது தரம், மாதத்தை எழுத்தில் எழுதிய திகதி ஆகியவற்றை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து, நீங்கள் வாழும் நாட்டிலுள்ள குடும்ப வைத்தியரிடம் கையொப்பமும் முத்திரையும் வாங்குங்கள். மூன்று பிரதி. மூல அட்டையை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள்.

மிட்வைஃப் முதலில் பிள்ளையின் இடது சட்டைக் கையைச் சுருட்டிப் பார்ப்பார். பிறந்தவுடன் காசநோய்க்கு எதிராகப் போடும் பி.சி.ஜி. ஊசியின் தழும்பைத் தேடுகிறார். வெளிநாட்டில் பிறந்த நம் பிள்ளைகள் பலருக்கு அது இருக்காது, அந்த நாடுகள் எல்லாருக்கும் போடுவதில்லை. அவர் கேட்குமுன் சொல்லிவிடுங்கள். இலங்கை அட்டவணையில் 2, 4, 6 மாதங்களில் ஐந்து நோய்களுக்கான கூட்டு ஊசியும் போலியோவும், 9 மாதத்தில் எம்.எம்.ஆர். (சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா ஊசி), 12 மாதத்தில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசி. கனடாவில் முதல் எம்.எம்.ஆர். 12 மாதத்தில்தான். பத்து மாதப் பிள்ளைக்கு ஊரில் போட்டாலும் முதல் பிறந்தநாளுக்கு முந்திய அந்த ஊசியைத் திரும்பிய பிறகு கணக்கில் எடுக்கமாட்டார்கள், மறுபடி போட வேண்டும். ஊரில் போடும் கூட்டு ஊசியில் குக்கல் (கக்குவான் இருமல்) பகுதி முழுக் கிருமியிலிருந்து செய்யப்படுவது, ஆகவே அன்றிரவு காய்ச்சலும் தொடை வீக்கமும் கூடுதலாக வரலாம். அடுத்த நாள் கொழும்புப் பயணம் வைக்காதீர்கள்.

“ஒரு பிள்ளைக்குத்தானே, இப்பவே போட்டுவிடுங்கோ” என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். கேட்காதீர்கள். எம்.எம்.ஆர். குப்பியைக் கரைத்தால் 6 மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டும், மிச்சம் எறியப்படும். பல பிள்ளைகளை ஒரே நாளில் கூப்பிடுவது அதற்காகத்தான். இடம்பெயர்ந்த காலத்திலும் தராசைத் தூக்கிக்கொண்டு திரிந்து பிள்ளைகளை நிறுத்தவர்கள் இந்த மிட்வைஃப்மார். நாங்கள் அப்போது அங்கே இல்லை. மூன்று கிழமைக்கு வந்து நின்று அவர்களிடம் விதிவிலக்குக் கேட்பது அழகில்லை. “வெளிநாட்டில இருந்து வந்தனீங்கள், ஏன் அரசாங்கக் கிளினிக்குக்குப் போறியள்?” என்று வீட்டில் கேட்பார்கள். அந்தக் கௌரவப் பேச்சுக்குக் காது கொடுக்க வேண்டாம்.

காய்ச்சலுக்கு வருவோம். ஊரில் கிடைக்கும் பரசிற்றமோல் பாணி (சிரப்) பெரும்பாலும் 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம். கனடாவின் கைக்குழந்தைத் துளி மருந்து 1 மில்லிலீற்றரிலேயே 80 மில்லிகிராம். நிறைக்கேற்ப ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்றால், 10 கிலோப் பிள்ளைக்கு ஊர்ப் பாணியில் 6 மில்லிலீற்றர் அளவில் வரும். அதே அளவு துளி மருந்தைக் கொடுத்தால் மூன்று மடங்குக்கு மேல் போய்விடும். இரண்டு போத்தலையும் ஒரே மேசையில் வைக்காதீர்கள். 6 மணித்தியால இடைவெளி, நாளுக்கு 4 தரத்துக்கு மேல் வேண்டாம்.

ஐப்பசி முதல் தை வரை மழையோடு டெங்கு கூடும். அந்தக் காய்ச்சலுக்கு ஐபுபுரோஃபன் என்ற காய்ச்சல் மருந்தைக் கொடுக்கவே கூடாது. காய்ச்சலின் மூன்றாம் நாள் இரத்தப் பரிசோதனை, கைக்குழந்தையென்றால் அதற்கு முன்பே வைத்தியரிடம். காய்ச்சல் விட்டதும் ஆறுதல் அடையாதீர்கள், ஆபத்தான நேரம் அப்போதுதான் தொடங்கும். வயிற்று நோ, விடாத சத்தி, இரத்தக் கசிவு, சோர்வு, 6 மணித்தியாலமாகச் சலம் போகாமை இவற்றில் ஒன்று இருந்தாலும் ஆஸ்பத்திரி. 1990 அம்புலன்ஸ் இலவசம். வயிற்றோட்டத்துக்கு ஜீவனி என்ற உப்புக் கரைசல் தூள்: பக்கெற்றில் போட்டுள்ள அளவு கொதித்தாறின தண்ணீரில் முழுப் பக்கெற்றையும் கரைத்து, 24 மணித்தியாலத்தில் மிச்சத்தை ஊற்றிவிடுங்கள். அரைப் பக்கெற்றைக் அளக்காமல் கண்மதிப்பில் கரைத்தால் உப்பு அளவு பிழைக்கும்.

அம்மம்மா தேன் தொட்டு நாக்கில் வைப்பா. ஒரு வயதுக்குள் தேன் கூடாது, கிருமி வித்து குடலில் முளைத்து நரம்பைத் தாக்கும். மறுப்பது கஷ்டம், பேரப்பிள்ளையைக் காண வருஷக்கணக்காகக் காத்திருந்த கை அது. தேனுக்குப் பதிலாகக் குளிப்பாட்டும் பொறுப்பை அவவிடம் கொடுங்கள். நாய் கடித்தாலோ கீறினாலோ சவர்க்காரமும் ஓடும் தண்ணீருமாக 15 நிமிடம் கழுவி, அன்றே அரச ஆஸ்பத்திரி.

ஆஸ்பத்திரி விடுதியில் (வார்டில்) சேர்த்தால் தாய் கூட நிற்கலாம். பெட்சீற், கோப்பை, சுடுதண்ணீர்ப் போத்தல் கொண்டு போங்கள். வெளியேறும்போது நோயும் சிகிச்சையும் எழுதிய நோய் நிர்ணய அட்டையைக் கையில் வாங்காமல் வாசலைத் தாண்டாதீர்கள், காப்புறுதிக்காரர் முதலில் கேட்பது அதைத்தான்.

கடைசிக் கிளினிக் நாளை விமானத்துக்குக் குறைந்தது 3 நாள் முன்பாக வையுங்கள். போட்ட ஊசியின் பெயர், தொகுதி இலக்கம், திகதி மூன்றையும் மிட்வைஃபிடம் எழுதி வாங்கி, அந்தப் பக்கத்தை அங்கேயே படம் எடுத்துக்கொள்ளுங்கள்.