தீகா, தீகா, தீகா: தண்டால் எடுக்கும் தம்பிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சித்ரா பௌர்ணமிக்கு ஒரு மாதம் இருக்கும்போது எங்கள் திடலில் கூட்டம் சேர்ந்துவிடும். மலேசியாவில் எங்கள் தெலுக் இந்தானில் காவடி எடுக்கப்போகும் பையன்களுக்கு அப்போதுதான் தோளும் நெஞ்சும் ஞாபகம் வரும். சட்டை இல்லாத உடம்பை ஊரே பார்க்கப்போகிறதே! நான்கு வாரத்துக்குள் எல்லாம் வந்துவிட வேண்டும். திருவிழா முடிந்த மறுவாரம் போய்ப் பார்த்தால் கம்பியில் காக்காய்தான் உட்கார்ந்திருக்கும்.

நான் ஊத்தான் மெலிந்தாங் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையின் எடைப்பாலத்தில் வேலை செய்கிறவன். வேலை முடிந்து, ஒரு தே தாரிக் குடித்துவிட்டு, ஐந்தரைக்கெல்லாம் திடலுக்குப் போய்விடுவேன். 20 வருஷப் பழக்கம். நான் யாருக்கும் வாத்தியார் இல்லை, சான்றிதழும் கிடையாது. ஆனால் என் 19 வயதுக் கூத்தைப் பக்கத்தில் ஒரு பையன் அப்படியே ஆடும்போது வாயை மூடிக்கொண்டு நிற்க முடிவதில்லை.

தண்ணீர் குடி, உடம்பைச் சூடாக்கிக்கொண்டு ஆரம்பி, உச்சி வெயிலில் ஓடாதே என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

பாதியை முழுசாக எண்ணுவது

போன மாதம் ஒரு பையன் வந்தான். படிவம் 5 படிக்கிறான். “அண்ணே, ஒரே மூச்சில நாப்பது தண்டால் போடுவேன்” என்றான். சரி, போடு என்றேன். நாற்பதும் போட்டான்தான். முழங்கை மடங்கினதுதான் சாண் அளவுகூட இல்லை. நெஞ்சு பாதி வழி இறங்கித் தரையை எட்டிப் பார்த்துவிட்டு மேலே போய்விட்டது. தலை மட்டும் கோழி தீனி பொறுக்குகிற மாதிரி குனிந்து குனிந்து நிமிர்ந்தது.

என் ஜப்பான் சிலிப்பரில் ஒன்றைக் கழற்றி அவன் நெஞ்சுக்கு நேர் கீழே போட்டேன். “நெஞ்சு இதைத் தொடணும். மேல வந்து முழங்கை நிமிரணும். அப்பத்தான் ஒண்ணு” என்றேன். ஏழு வந்தது. எட்டாவதில் இடுப்பு தொய்ந்து வயிறு முதலில் தரையில் பட்டது. எழுந்து உட்கார்ந்தவன் என் முகத்தைப் பார்க்கவில்லை, சிலிப்பரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

எனக்குத் தெரிந்த முகம் அது. 19 வயதில் நானும் 60 தண்டால்காரன். இரண்டு வருஷம் தினமும் லயத்து அஞ்சடியில், அதாவது தோட்டத்து வீட்டு முன்நடையில், அறுபது போட்டேன். பக்கத்து வீட்டுப் பொடியன்கள் சத்தம் போட்டு எண்ணுவார்கள். அந்தத் தைரியத்தில் ஒரு சீருடைப் பணிக்கு மனுப் போட்டேன், உடல்தகுதித் தேர்வுக்கும் கூப்பிட்டார்கள். அங்கே எண்ணியவர் ஒரு நடுத்தர வயது மலாய்க்காரர். தன் கைமுட்டியைத் தரையில் ஊன்றி என் நெஞ்சுக்குக் கீழே வைத்துக்கொண்டார். மலாயில் சாத்து, டுவா, தீகா என்று மூன்று வரை வந்தார். அதற்கப்புறம் தீகா. மறுபடியும் தீகா. நான் வேகமாகப் போட்டேன். அவர் அவசரமே இல்லாமல் “தீகா, தீகா” என்று சொல்லிக்கொண்டிருந்தார். என் கணக்கில் ஐம்பதைத் தாண்டிவிட்டேன். அவர் தாளில் எழுதியது 14.

அவர்மேல் ஒரு தப்பும் சொல்ல முடியாது. இத்தனை வருஷம் கழித்தும் அதுதான் எரிச்சலாக இருக்கிறது. ஏமாற்றியது யாரென்று தேடினால் அஞ்சடியில் நான்தான் நிற்கிறேன். அடுத்த முறை ஆள் எடுத்தபோது எனக்கு வயது தாண்டிவிட்டது. அப்பா தோட்டத்தில் செம்பனைப் பழம் வெட்டுகிறவர். நடந்ததை முழுசாகக் கேட்டுவிட்டு, “பாதி வெட்டுன குலைக்கு எவன்டா காசு கொடுப்பான்?” என்று மட்டும் சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

இதில் மானம் போவதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. தண்டாலில் கஷ்டமான இடம் கீழ்ப்பகுதி. அங்கேதான் நெஞ்சுத் தசை நன்றாக இழுபட்ட நிலையில் பாரத்தைத் தாங்குகிறது. தசை வளரவும் அந்த இடம்தான் முக்கியம். மூட்டு எந்தக் கோணத்தில் உழைத்துப் பழகுகிறதோ, அந்தக் கோணத்தை ஒட்டித்தான் பலம் அதிகமாக ஏறும். மேல் பாதியிலேயே ஆடிக்கொண்டிருந்தால் மேல் பாதிக்கு மட்டும் பலம் வரும். இரண்டு வருஷம் ஆடினாலும் கீழ்ப் பாதி சும்மா இருந்த உடம்பாகவே இருக்கும். நான் அங்கே 14-இல் நின்றது அதனால்தான்.

பாரா பளுதூக்கும் வீரர் போனி புன்யாவ் குஸ்தினை எல்லாருக்கும் தெரியும், சரவாக் பையன். தோக்கியோ பாராலிம்பிக்கில் 72 கிலோ பிரிவில் 228 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார், அப்புறம் பாரிஸிலும் வாங்கினார். அந்தப் போட்டியில் பெஞ்சில் மல்லாந்து படுத்து, பாரை நெஞ்சுக்கு இறக்கி, அங்கே அசையாமல் நிறுத்திக் காட்டி, அதன் பிறகுதான் முழங்கை நிமிரும்வரை தள்ள வேண்டும். நெஞ்சில் நிற்காத பாருக்கு நடுவர்களிடமிருந்து சிவப்பு விளக்குதான் வரும், எடை எத்தனை கிலோவாக இருந்தாலும். உலகத்திலேயே பலசாலிகளுக்கு அந்தக் கண்டிப்பு இருக்கும்போது எங்கள் திடலில் மட்டும் ஏன் இவ்வளவு தள்ளுபடி?

ஏழுகூட வராதவன் என்ன செய்வது? தரையை விட்டுவிட வேண்டியதுதான். முழுத் தண்டாலில் கைகள் தாங்குவது உடல் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. 60 கிலோ ஆளுக்கு 40 கிலோ. புதிய தோளுக்கு அது சின்ன பாரம் இல்லை. கைகளை 60 சென்டிமீட்டர் உயரமுள்ள பெஞ்சில் ஊன்றினால் அது 40 சதவீத அளவுக்கு இறங்கிவிடும். அதே ஆளுக்கு 24 கிலோதான். எங்கள் திடல் ஓரத்துச் சிமெண்டு பெஞ்சு கிட்டத்தட்ட அந்த உயரம். நெஞ்சு பெஞ்சைத் தொட வேண்டும், உடம்பு குதிகாலிலிருந்து தலைவரை பலகை மாதிரி இருக்க வேண்டும், முழங்கை இரண்டு பக்கமும் சிறகு மாதிரி விரியாமல் உடம்புக்குச் சாய்வாக இருக்க வேண்டும். எட்டிலிருந்து பன்னிரண்டு வரை, மூன்று செட். ஒவ்வொரு செட்டுக்கும் நடுவில் இரண்டு மூன்று நிமிஷம் உட்காரு. மூன்று செட்டிலும் பன்னிரண்டு சுத்தமாக வந்துவிட்டால் அதைவிடத் தாழ்வான இடத்துக்கு இறங்கு. பெஞ்சு, அப்புறம் படிக்கட்டு, அப்புறம் தரை. பெஞ்சில் போடுவதைப் பார்த்துப் பொம்பளைப் பிள்ளைகள் சிரிப்பார்கள் என்று ஒருவன் சொன்னான். சிரிக்கட்டும். அவர்களில் இரண்டு பேர் இப்போது படிக்கட்டுக்கு இறங்கிவிட்டார்கள், அவன் இன்னும் தரையில் கோழி மாதிரிதான் பொறுக்கிக்கொண்டிருக்கிறான்.

கம்பியிலும் இதே கதை. கையை முழுக்க நிமிர்த்தித் தொங்காமல், காலை உதைத்து எம்பி, தாடை கம்பிக்கு மேலே போகாமலே “அஞ்சு” என்று குதிப்பார்கள். ஒன்றுகூட வராதவன் முதலில் சும்மா தொங்கட்டும், 20 வினாடி. பிறகு ஸ்டூல் போட்டு ஏறித் தாடையைக் கம்பிக்கு மேலே வைத்து, ஐந்து வினாடி எண்ணிக்கொண்டே மெதுவாக இறங்கட்டும். தூக்க முடியாத பாரத்தைக்கூட இறக்க முடியும், இறங்க இறங்கத் தூக்கும் பலமும் வரும். நான் முதல் நிஜமான புல் அப் எடுத்தது அப்படித்தான், 20 வயதில். அன்றைக்கு அதை எண்ண யாரும் இல்லை.

தள்ளுவதோடு நிறுத்திக்கொள்வது

கண்ணாடியில் தெரிவது நெஞ்சும் புஜமும். முதுகு தெரியாது, அதனால் அதற்கு யாரும் வேலை கொடுப்பதில்லை. தண்டால் ஒரு செட் போட்டால் இழுக்கிற வேலையும் ஒரு செட் செய்ய வேண்டும் என்பது என் கணக்கு. அதற்குப் புல் அப்தான் வேண்டும் என்றில்லை. இடுப்பு உயரக் கம்பிக்குக் கீழே மல்லாந்து தொங்கிக் குதிகாலைத் தரையில் ஊன்றி நெஞ்சைக் கம்பிக்கு இழுத்தால் போதும். கம்பி இல்லாத லயத்தில் ஒரு பையன் இரண்டு மைலோ டின்னில் சிமெண்டு ஊற்றி நடுவில் குழாய் சொருகி வைத்திருக்கிறான். ஒவ்வொரு முனையிலும் எத்தனை கிலோ என்று அவனுக்கே தெரியாது. ஒரு பக்கம் சாய்கிறது என்று புலம்புவான். இருந்தாலும் குனிந்து அதை வயிற்றுக்கு இழுக்கிறான், முதுகு நன்றாக விரிந்திருக்கிறது.

வேலையே உடற்பயிற்சி என்று நினைப்பது

இதைத் தோட்டத்துக்காரனிடம் சொன்னால் கோபம்தான் வரும். காலையிலிருந்து பழம் வெட்டி, 20 கிலோ குலையைக் குத்தித் தூக்கித் தள்ளுவண்டியில் போடுகிறவனிடம் போய் நீ பயிற்சி செய்யவில்லை என்றால்? பாட்டி காலத்தில் ரப்பர் பால் வாளி இரண்டையும் காண்டாக் கம்பில் மாட்டித் தோளில் சுமந்து மேடேறினார்கள், அவர்கள் எந்த ஜிம்முக்குப் போனார்கள்?

வேலை உடம்பை இறுக்கும், மறுக்கவில்லை. அப்பாவின் முன்கை மரக்கட்டை மாதிரி இருக்கும். ஆனால் அவரால் ஒரு புல் அப் எடுக்க முடியாது, எடுக்கச் சொல்லி நானே பார்த்திருக்கிறேன். உடம்பு எதைச் செய்கிறதோ அதற்குத்தான் தயாராகும். குலையின் எடை வாராவாரம் நமக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறாது. பத்து வருஷமானாலும் அதே வேலை, அதே பக்கம், அதே குனிவு. பலம் கூட வேண்டுமானால் பாரமோ எண்ணிக்கையோ மெல்ல மெல்ல ஏற வேண்டும்.

இதற்கு நேர் எதிரான தப்பும் நடக்கிறது. ஆறு நாள் பழம் வெட்டிவிட்டு ஆறு சாயங்காலமும் திடலுக்கு வருகிறவன் இருக்கிறான். அவனுக்கு என் பேச்சு ஒன்றுதான்: வாரத்தில் 2 நாள் வா, அதில் ஒரு நாள் உன் ஓய்வு நாளுக்கு முந்தின சாயங்காலமாக இருக்கட்டும். உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் தசைப் பயிற்சியும் வாரத்துக்குக் குறைந்தது 2 நாள்தான்.

நாலு வாரத்தில் நெஞ்சு

வராது. முதல் சில வாரங்களில் கூடும் பலம் பெரும்பாலும் நரம்பின் வேலை. இருக்கிற தசையையே உடம்பு ஒழுங்காகப் பயன்படுத்தக் கற்றுக்கொள்கிறது. கண்ணுக்குத் தெரிகிற மாதிரி தசை திரள்வது அதற்கு அப்புறம். தசைநாண் தசையைவிட மெதுவாகத்தான் உறுதியாகும்; அதனால்தான் மூன்றாவது வாரத்தில் “பலம் வந்துடுச்சு” என்று எண்ணிக்கையை இரட்டிப்பாக்குகிறவனுக்கு நான்காவது வாரத்தில் தோள் முன்பக்கம் குத்துகிறது. அடுத்த வருஷச் சித்ரா பௌர்ணமிக்கு இன்றைக்கே ஆரம்பி.

பவுடர்

200 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் கொடுத்துப் புரதப் பவுடர் டப்பா வாங்கிவிட்டு நாசி லெமாக்கில் அரை முட்டையோடு பசியாறுகிறார்கள். பலத்துக்காகப் பயிற்சி செய்கிறவனுக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு 1.6 கிராம் புரதம் தாராளம். முட்டை ஒன்றில் 6 கிராம், 100 கிராம் தெம்பேயில் 19 கிராம் அளவுக்கு இருக்கிறது. கோழி, மீன், பருப்பு எல்லாம் வீட்டிலேயே உண்டு. கூட்டிப் பார்த்துக் குறைந்தால் டப்பா வாங்கு.

குத்துகிற வலி

நிறுத்து. ஒரு வாரமாகியும் தூக்கம் கெட்டால் மருத்துவரிடம் போ.

தினம் ஒரு வீடியோ, தினம் ஒரு பயிற்சி

திங்கள் ஒருவன் சொன்னது, புதன் இன்னொருவன் சொன்னது. ஐந்து பயிற்சியை எடுத்துக்கொண்டு மூன்று மாதம் அதையே செய்தால் போதும்: தண்டால், கம்பிக்கு இழுத்தல், தொங்கி இறங்குதல், உட்கார்ந்து எழுந்திருத்தல், வேகநடை. ஒரு பள்ளிக்கூட நோட்டு வாங்கித் தேதி போட்டு எண்ணிக்கையை எழுது. கைப்பேசியில் எழுதுகிறேன் என்று ஆரம்பித்தவர்கள் யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. கைப்பேசியைத் திறந்தால் அடுத்த வீடியோ வந்துவிடும்.

அந்தப் படிவம் 5 பையன் நோட்டு வைத்திருக்கிறான். அறிவியல் பாட நோட்டின் பின்பக்கம். தரையை விட்டுப் பெஞ்சுக்குப் போனான், இரண்டு வாரம் என்னோடு பேசவே இல்லை. போன வெள்ளிக்கிழமை தரையில் போட்டுப் பார்க்கிறேன் என்று அவனாகவே என் சிலிப்பரை வாங்கிப் போட்டுக்கொண்டான். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றேன். “ஏழு, எட்டு” என்று அவனே சத்தமாக எண்ணினான். அடுத்ததில் இறங்கினான், சிலிப்பருக்கு மேலே ஒரு விரல் இடைவெளி இருந்தது, கை நடுங்கியபடி மேலே வந்துவிட்டான்.

“எட்டு” என்றான் மறுபடியும்.