அறிவாற்றல் சோதனைகளை வலைப்பின்னலாக வரையும்போது நேரும் தவறுகள்

நினைவாற்றல், கவனம், மொழி, செயல்வேகம் எனப் பல சோதனைகளின் மதிப்பெண்களை ஒரே வலைப்பின்னலாக வரைந்து ஆராயும் முறை, மனநோய் அறிகுறி ஆய்வுகளில் வேரூன்றி, நரம்பு உளவியலுக்குள்ளும் வந்துவிட்டது. ஒவ்வொரு மதிப்பெண்ணும் ஒரு கணு. மற்ற மதிப்பெண்களின் பங்கைக் கழித்த பிறகும் இரண்டு கணுக்களுக்கிடையே எஞ்சும் தொடர்பே (பகுதி ஒட்டுறவு) கோடு. படம் பார்ப்பவரை எளிதில் நம்பவைத்துவிடும். ஆனால் பெரிய பிழைகள் பெரும்பாலும் படம் வரைவதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கும்.

முதல் பிழை, கணுக்களைத் தேர்வதில். 15 சொற்களை ஐந்து முறை வாசித்துக் காட்டும் சொற்பட்டியல் சோதனையில், ஐந்து முயற்சிகளின் கூட்டுத்தொகையையும் ஐந்தாவது முயற்சியின் மதிப்பெண்ணையும் தனித்தனிக் கணுக்களாக வைத்தால் இடையே தடித்த கோடு விழும். அது வெறும் கூட்டல் கணக்கு. அறிவாற்றலைப் பற்றி எதுவும் சொல்லாது. மேலும், இந்த இரட்டைக் கணுக்கள் ஒன்றின் பங்கை மற்றொன்று உறிஞ்சிக்கொள்வதால், மொழி, கவனம் ஆகியவற்றுடன் நினைவுக்கு உள்ள உண்மையான தொடர்பு மெலிந்து தெரியும். தரவைப் பார்ப்பதற்கு முன்பே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், அல்லது இரண்டையும் இணைத்து ஒரே கணுவாக்குங்கள். தாளில் சிதறிக் கிடக்கும் எண்களை வரிசையாகக் கோடிட்டு இணைக்கும் டிரெயில் மேக்கிங் போன்ற நேரம் அளக்கும் சோதனைகளில் அதிக மதிப்பெண் என்றால் குறைந்த திறன். திசையை முதலில் ஒழுங்குபடுத்திவிடுங்கள்.

எனக்கு மிகுந்த கவலை தருவது அடுத்த பிழை. மொத்த மதிப்பெண் ஓர் எல்லைக்குக் கீழே இருப்பவர்களை மட்டும் 'குறைபாடு உள்ளோர்' என்று பிரித்துவிட்டு, அந்த மொத்தத்தை உருவாக்கிய அதே சோதனைகளை வலைப்பின்னலாக வரைகிறார்கள். அந்தக் குழுவில் ஒருவருக்கு நினைவு மதிப்பெண் நன்றாக இருந்தால், வேறு ஏதோ ஒன்றில் அவர் தாழ்ந்திருந்தாக வேண்டும்; இல்லாவிட்டால் அவர் குழுவுக்குள்ளேயே வந்திருக்க மாட்டார். இந்தத் தேர்வே நேர்மறைத் தொடர்புகளைக் குலைக்கும், சில சமயம் எதிர்மறையாகவும் திருப்பிவிடும். புள்ளியியலாளர்கள் இதை பெர்க்சன் சாய்வு என்கிறார்கள். மறுபக்கம், அறிவாற்றலைச் சுருக்கமாக மதிப்பிடும், 30 மதிப்பெண்ணுக்கான மினி மென்டல் சோதனையில் நலமானவர்கள் பலர் 29, 30 என்று உச்சத்தில் குவிவதால் அங்கேயும் ஒட்டுறவுகள் சுருங்குகின்றன. இந்த நிலையில் இரண்டு படங்களையும் அருகருகே வைத்து 'நோய் பிணைப்புகளைத் தளர்த்துகிறது' என்று எழுதுவது ஆபத்தானது. குழுவைப் பிரிக்க அன்றாடச் செயல்பாடு, உயிரியல் குறியீடுகள் போன்ற வேறு அடிப்படைகளை நாடுங்கள். ஒவ்வொரு மதிப்பெண்ணின் பரவலையும் இரு குழுக்களிலும் ஒப்பிட்டுக் காட்டுங்கள்.

வயதும் கல்வியும் ஏறக்குறைய எல்லாச் சோதனைகளையும் பாதிக்கும். அவற்றைக் கணக்கில் எடுக்காவிட்டால் நீங்கள் வரைவது பாதி பள்ளிப் படிப்பின் படம்தான்.

சோதனையை முடிக்க இயலாதவர்களை நீக்குவதும் கேடு. எண்களையும் எழுத்துகளையும் மாறி மாறி இணைக்கும் டிரெயில் மேக்கிங்கின் இரண்டாம் பகுதியை முடிக்க முடியாமல் நிறுத்தியவர்களே பெரும்பாலும் அதிகப் பாதிப்புள்ளவர்கள். அவர்களைக் கழித்துவிட்டு யாரை ஆராய்கிறோம்?

பங்கேற்பாளர் எண்ணிக்கையையும் மறந்துவிடுகிறார்கள். 10 கணுக்கள் என்றால் 45 இணைப்புகள். 20 என்றால் 190. வலையை எளிமையாக்கப் பயன்படும் லாசோ என்ற புள்ளியியல் முறை பலவீனமான இணைப்புகளைச் சுழியமாக்கும் என்பதால், சிறிய குழுவின் வலை தானாகவே வெறிச்சோடித் தெரியும். கோடு இல்லாததைத் தொடர்பு இல்லாததற்குச் சான்றாகக் கொள்ளாதீர்கள். பூட்ஸ்டிராப் செய்து, அதாவது தரவிலிருந்து மீண்டும் மீண்டும் மாதிரிகள் எடுத்து முடிவு நிலைக்கிறதா என்று பாருங்கள். ஒரு கணு மற்றவற்றோடு எவ்வளவு பிணைந்துள்ளது என்பதே மையத்தன்மை; பங்கேற்பாளர்களில் சிலரை நீக்கினாலும் அதன் வரிசை மாறாமல் நிற்கிறதா என்று காட்டும் நிலைத்தன்மைக் கெழு 0.25-க்குக் கீழே இருந்தால் எந்தக் கணு முதன்மையானது என்ற பேச்சையே எடுக்காதீர்கள், 0.5-ஐத் தாண்டினால் நல்லது. தாண்டினாலும், மையத்தில் நிற்கும் சோதனை சிகிச்சைக்கான இலக்கு ஆகிவிடாது. ஒரே சமயத்தில் எடுத்த தரவில் எது எதற்குக் காரணம் என்பது தெரியாது.

இந்த வலை ஒரு குழுவில் மனிதருக்கு மனிதர் உள்ள வேறுபாட்டைத்தான் காட்டுகிறது. ஒரு நோயாளியின் மூளைப் பகுதிகள் எப்படி இணைந்திருக்கின்றன என்பதை அதிலிருந்து படிக்க முடியாது. தனி ஒருவரின் அறிவாற்றல் எப்படி மாறுகிறது என அறிய அவரையே பலமுறை அளக்க வேண்டும். அப்போது பயிற்சியால் மதிப்பெண் உயர்ந்துவிடாதபடி ஒவ்வொரு முறையும் மாற்று வினாத்தொகுப்பு தேவைப்படும்.